காரின் விசிறியும் கடற்காற்றும்

வெயில் கொளுத்தும் நமது தீவுப்பகுதியிலே காருக்குச் சூடேற்றும் கருவி எதற்கு என்று வாசகர்கள் வினவுதல் இயல்பே. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பெற்ற மொறிஸ் மைனர் கார்களில் அது மேலதிக விலை கொடுத்துப் பெறும் பொருளாக இருந்தது; நம்மவர் அதனை விரும்பி வாங்கக் காரணமும் இல்லை. இன்று ஓடும் யப்பானிய வண்டிகளிலோ சூட்டையும் குளிரையும் உள்ளே ஊதுவது ஒரே விசிறிதான். ரொறன்ரோவில் வாழும் நம் உறவினருக்கு அது பனிக்காலத் துணை. நமக்கு அது மாரிகாலத் துணை.

கார்த்திகை மழையிலே பண்ணைத் தாம்போதி வழியே ஊர்காவற்றுறைக்குச் செல்வோர் இதன் அருமையை அறிவர். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நால்வர் அமர்ந்தால், மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியிற் படிந்து வழியை மறைக்கும். இருபுறமும் கடல், எதிரே பேருந்து. ஒரு கையால் துடைத்து மறு கையால் ஓட்டுவது வீரம் அன்று.

விசிறி ஓய்ந்ததும் மோட்டாரை மாற்றவேண்டும் என்று கராஜிற் சொல்வார்கள். உடனே பணத்தை எண்ணவேண்டியதில்லை. அது எவ்வாறு ஓய்ந்தது என்பதை முதலிற் கவனியுங்கள். குறைந்த வேகங்களில் அசையாது, உச்ச வேகத்தில் மட்டும் சுழன்றால், பெரும்பாலும் குற்றம் தடையினது. வேகத்தைக் குறைப்பதற்காக மின்னோட்டம் ஒரு தடையினூடாகச் செல்கிறது. உச்ச வேகத்தில் அதனைத் தவிர்த்து நேரே செல்கிறது. தடை சூடாகும் பொருளாதலின் விசிறியின் காற்றே அதனைக் குளிர்விக்குமாறு அமைத்திருக்கிறார்கள். காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டாலோ, மோட்டார் இறுகிச் சுழன்றாலோ தடை எரிந்துபோகும். இவ்விரண்டையும் பாராது புதுத் தடை மாட்டினால் அதுவும் எரியும்.

எவ்வேகத்திலும் அசைவில்லையெனின் முதலிற் பார்க்கவேண்டியது பியூஸ் என்னும் உருகி. எரிந்த உருகிக்குச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றும் கெட்ட பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. வண்டி தீப்பற்றுவதற்கு அதைவிடக் குறுக்குவழி வேறில்லை. குறித்த அளவினையே இடுங்கள்.

உருகி நலமாயின், இரு வயர் பூட்டிய 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்று போதும். விசிறி பெரும்பாலும் இடப்பக்க முன்னாசனத்தின் எதிரேயுள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சாவியைத் திருப்பி, ஆளியை உச்ச வேகத்தில் வைத்து, செருகியைக் கழற்றாமலே சோதியுங்கள். மின்குமிழின் ஒரு முனையை வண்டியின் துப்புரவான இரும்பிலும், மறுமுனையை மின்வரும் வயரிலும் வைத்து ஒளிர்ந்தால் மின்சாரம் வருகிறது. அடுத்து, மோட்டாரின் இரு வயர்களுக்கும் இடையே வையுங்கள். இங்கும் பிரகாசமாக ஒளிர்ந்து விசிறி அசையாதிருந்தால் மோட்டாரே கெட்டது. ஒளிராவிட்டால் மின்சாரம் திரும்பும் வழி அறுந்துள்ளது.

தீவுகளில் நாம் கண்ட பழுதுகளிற் பல இந்தத் திரும்பும் வழியிலேயே இருந்தன. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போவோர் குறிகட்டுவானில் வண்டியை நிறுத்திப் படகேறுவர். கடற்காற்றின் உப்பு வண்டிமேற் படிந்துகொண்டே இருக்கும். எர்த் வயர் இரும்பிற் பூட்டிய இடத்திலே துருவும், செம்பு முனையிலே பச்சைக் களிம்பும் காணலாம். பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் இல்லத்தரசியார் இங்கு உதவிக்கு வரவேண்டாம்! புளிப்பு இடுக்கிலே தங்கி மேலும் அரிக்கும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, மென்மையான அரத்தாளால் தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வசலீன் பூசுங்கள்.

மோட்டாரே கெட்டதெனின் அதன் உறையை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் சுழன்றால் உள்ளேயுள்ள கரித்துண்டுகள் தேய்ந்துவிட்டன. சில நாள் ஓடும், ஆனால் நம்பி மழையிற் புறப்படலாகாது. சடசடவென்று ஒலித்தால் வேப்பஞ்சருகு ஏதும் விசிறிக்குள் நுழைந்திருக்கக்கூடும்.

வெப்பநிலையைத் தானே சீர்செய்யும் வண்டிகளிலே தடைக்குப் பதிலாக மின்னணுப் பகுதி இருக்கும். அதனை வீட்டிற் சோதிக்க முற்படாதீர்கள். பற்றரியாலும் ஓடும் ஹைபிரிட் வண்டிகளிலே செம்மஞ்சள் உறையிட்ட வயர்களைத் தொடவே கூடாது. அவற்றில் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் உண்டு.