ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி?

தருமபுரி வட்டாரத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானைகளுக்கு உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. தனித்தனியாக வண்ணம் தீட்டினார்களா? இல்லை. நிறம் களிமண்ணிலுள்ள இரும்பும் சூளைப் புகையும் செய்யும் வேலை.

பானையைக் கவிழ்த்துச் சூளையில் அடுக்கினால் வெளிப்புறத்துக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். உள்ளே காற்று புகாது. வைக்கோல், தழை புகைந்து கரி மண்ணின் நுண்துளைகளில் படியும். இரும்பும் ஆக்சிஜனை இழந்து கறுக்கும்.

இன்று பீங்கானில் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் தீட்டும் வண்ணங்களும் பெரும்பாலும் உலோகச் சேர்மங்கள்தான். பூக்களின் சாற்றைத் தீட்டினால் சூளையில் எரிந்துபோகும். கோபால்ட் நீலமோ 1,200 டிகிரி செல்சியஸிலும் நிலைக்கும். மேலே உருகி இறுகும் பூச்சு, தேய்த்துக் கழுவினாலும் ஓவியம் அழியாமல் காக்கும்.