ஓய்வுபெறும் சூறாவளிப் பெயர்கள்

சூறாவளி என்பது வெப்பமான கடல்களின் மேல் உருவாகிப் பெருங்காற்றையும் பெருமழையையும் கொண்டுவரும் தாழமுக்கச் சுழற்சியாகும். இக்காலத்திற் சூறாவளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இடப்படுகின்றது. இப்பெயர்களை வானொலியிற் கேட்கும் கமக்காரர் பலர், "பெயரை இடுபவர் யார்? ஒரு முறை வந்த பெயர் மறுமுறையும் வருமா?" என வினவுவதுண்டு. இவ்வினாக்களுக்கு விடை கூறுவதும், அவ்விடையினாற் கமத்தொழிலுக்கு உண்டாகும் பயனை எடுத்துக்காட்டுவதும் இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பெயர் இடுவதன் காரணம்

முற்காலத்தில் எமது கடற்பகுதியில் எழுந்த சூறாவளிகள், தாக்கிய இடத்தையும் ஆண்டையும் கொண்டே குறிக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்து இலங்கையின் வடபகுதியையும் தாக்கிய சூறாவளிக்குப் பெயரில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மட்டக்களப்பைப் பாழாக்கிய சூறாவளிக்கும் பெயரில்லை. கிழக்கு மாகாணத்துப் பெரியோர் "சூறாவளி வந்த ஆண்டு" என்று கூறுவாராயின் 1978ஐயே கருதுவர்.

ஒரே காலத்தில் இரண்டு சூறாவளிகள் கடலில் நிற்குமாயின், "தாழமுக்கம் நகர்கின்றது" என்னும் அறிவித்தல் எதனைக் குறிக்கின்றது என்பதிற் குழப்பம் உண்டாகும். குறுகிய பெயர் ஒன்று இருப்பின், மீனவரும் கமக்காரரும் அதனை எளிதில் நினைவிற்கொண்டு பிறருக்கும் பிழையின்றிச் சொல்லுவர். இதுவே பெயரிடுதலின் முதற் காரணமாகும்.

அத்திலாந்திக் கடலில் உள்ள வழக்கம்

அத்திலாந்திக் கடலின் சூறாவளிகளுக்கு ஐக்கிய அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு தொடக்கம் பெண்களின் பெயர்கள் இடப்பட்டன. 1979இலிருந்து ஆண்களின் பெயர்களும் சேர்க்கப்பட்டன. இப்பொழுது அங்கு ஆறு பட்டியல்கள் உள. ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள் அகர வரிசைப்படி அமைந்துள்ளன. ஆண்டுக்கு ஒரு பட்டியலாகப் பயன்படுத்தப்பட்டு, ஏழாம் ஆண்டில் முதற் பட்டியல் மீண்டும் வரும். எனவே ஒரு பெயர் ஆறாண்டுகளுக்கு ஒரு முறை திரும்பக்கூடும்.

ஆயினும், பேரழிவை உண்டாக்கிய சூறாவளியின் பெயர் மீண்டும் வருதல் தகாது. பாதிக்கப்பட்ட நாடு அப்பெயரை நீக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். உலக வளிமண்டலவியல் தாபனத்தின் அப்பிரதேசக் குழு, ஆண்டுதோறும் கூடும்பொழுது அதனை ஆராய்ந்து தீர்மானிக்கும். நீக்கப்பட்ட பெயர் "ஓய்வுபெற்ற பெயர்" எனப்படும். அதற்குப் பதிலாக அதே எழுத்தில் தொடங்கும் வேறொரு பெயர் சேர்க்கப்படும். இவ்வாறு ஓய்வுபெற்ற அத்திலாந்திக் பெயர்கள் 90க்கும் மேற்பட்டன.

உதாரணமாக, 1998ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மத்திய அமெரிக்காவை அடைந்த "மிச்" என்னும் சூறாவளியைக் கூறலாம். அது மெதுவாக நகர்ந்தமையால் நாட்கணக்காக மழை பொழிந்தது. ஹொண்டூராஸ், நிக்கராகுவா ஆகிய நாடுகளில் வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் இறந்தோர் பல்லாயிரவர். ஹொண்டூராஸ் நாட்டின் வாழைத் தோட்டங்களிற் பெரும்பகுதி அழிந்தது. காற்றிலும் மழையே கூடிய நாசம் செய்தது என்பதைக் கமக்காரர் இங்குக் கவனித்தல் வேண்டும். "மிச்" நீக்கப்பட்டு "மத்தியூ" சேர்க்கப்பட்டது. அந்த மத்தியூவும் 2016இல் ஹெயிற்றி நாட்டைப் பாழாக்கியதனால் ஓய்வுபெற்றது. அதன் இடத்திற்கு "மார்ட்டின்" வந்தது.

பசிபிக் கடலில்

மேற்குப் பசிபிக் கடலில் 2000ஆம் ஆண்டு தொடக்கம் 14 உறுப்பு நாடுகளும் பிரதேசங்களும் பத்துப் பத்தாக அளித்த 140 பெயர்கள் வழங்கிவருகின்றன. பட்டியல் முடிந்ததும் முதலிலிருந்து மீண்டும் தொடங்கப்படும். ஆகவே அங்கும் ஓய்வுபெறச் செய்யும் முறை உண்டு. 2013 நவம்பர் 8ஆந் திகதி பிலிப்பைன்ஸ் நாட்டைத் தாக்கிய சூறாவளிக்குச் சீனா அளித்த "ஹையான்" என்னும் பெயர் இடப்பட்டிருந்தது. 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடிக்கணக்கான தென்னைகள் சாய்ந்தும் முறிந்தும் போயின. அப்பெயர் நீக்கப்பட்டு, சீனாவே அளித்த "பைலு" சேர்க்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாடு தன் மக்களுக்கெனத் தனியே ஒரு பட்டியலும் வைத்திருக்கின்றது. அதன்படி 300 பேரேனும் இறந்தால், அல்லது 100 கோடி பெசோவுக்குக் குறையாத நட்டம் உண்டானால், அப்பெயர் நீக்கப்படும்.

ஓய்வுறச் செய்வதன் காரணங்கள்

முதலாவது, இறந்தோரின் குடும்பத்தார் மனம் நோகாதிருத்தல். பிள்ளையை இழந்த தாய், சில ஆண்டுகளின் பின் அதே பெயரை மீண்டும் எச்சரிக்கையாகக் கேட்டல் கொடிது.

இரண்டாவது, பதிவுகள் தெளிவாயிருத்தல். நட்டஈடு, காப்புறுதி, ஆராய்ச்சி ஆகியவற்றில் ஒரு பெயர் ஒரே நிகழ்ச்சியைக் குறித்தல் அவசியம்.

மூன்றாவது, எச்சரிக்கையின் பயன் குறையாதிருத்தல். பழைய பேரழிவின் பெயர் சிறிய காற்றுக்கு இடப்பட்டால் மக்கள் வீணே அஞ்சுவர். சிறிய காற்றின் பெயர் பெரிய சூறாவளிக்கு வந்தால் அசட்டை செய்வர்.

எமது கடற்பகுதியின் ஒழுங்கு

வங்காள விரிகுடாவும் அரபிக் கடலும் சேர்ந்த எமது பிரதேசத்தில் 2004ஆம் ஆண்டிற் பெயரிடும் வழக்கம் தொடங்கிற்று. இலங்கை உட்பட எட்டு நாடுகள் எட்டெட்டாக 64 பெயர்களை அளித்தன. அவற்றின் இறுதிப் பெயரான "அம்பன்" 2020 மே மாதத்தில் முடிந்தது. அவ்வாண்டில் 13 நாடுகள் அளித்த 169 பெயர்களைக் கொண்ட புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீற்றரை அடைந்ததும், புது டில்லியிலுள்ள பிரதேச நிலையம் வரிசைப்படி அடுத்த பெயரை இடும்.

எமது பட்டியலிற் பெயர்கள் ஒரு முறையே பயன்படுத்தப்படும். இங்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து சூறாவளிகளே உருவாவதனால் பெயர்கள் விரைவிற் தீர்ந்துபோவதில்லை. ஆகவே நல்லதோ தீயதோ, எல்லாப் பெயர்களும் ஒரு முறை வந்தவுடனேயே ஓய்வுபெறுகின்றன. இலங்கை அளித்த "அசனி" 2022இல் வந்தது. அச்சொல் தமிழிலும் இடியைக் குறிக்கும். "சக்தி" 2025 ஒக்டோபரில் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சூறாவளிக்கு யேமன் நாடு அளித்த "டித்வா" என்னும் பெயர் இடப்பட்டிருந்தது. இனி எச்சூறாவளிக்கும் இப்பெயர் இடப்படமாட்டாது.

பொருத்தமற்ற பெயர் ஒன்று மாற்றப்பட்டதும் உண்டு. 2013 மே மாதத்தில் இலங்கை அளித்திருந்த "மகாசேன்" என்னும் பெயர் ஒரு சூறாவளிக்கு இடப்பட்டது. மகாசேன மன்னன் மின்னேரியாக் குளத்தைக் கட்டுவித்து நெற்செய்கையை வளர்த்தவன். குளங்கட்டிய வேந்தன் பெயரை அழிவு செய்யும் காற்றுக்கு இடுவது தகாது என எதிர்ப்பு எழவே, அச்சூறாவளி "வியறு" எனப் பெயர் மாற்றப்பட்டது. அரசியல், சமயம், பண்பாடு ஆகியவற்றைச் சாராததும் எவர் மனத்தையும் புண்படுத்தாததுமான பெயரே அளிக்கப்படல் வேண்டும் என்பது இப்பொழுதுள்ள விதியாகும்.

பெயரில்லாத காற்றும் பயிரை அழிக்கும்

காற்றின் வேகத்தைக் கொண்டே பெயர் இடப்படுகின்றதன்றி, மழையின் அளவைக் கொண்டன்று. காலபோகப் பயிருக்குக் கேடு செய்வதோ பெரும்பாலும் மழை வெள்ளமே. 2024 நவம்பர் இறுதியில் வந்த "பெங்கல்" இதற்குத் தக்க சான்றாகும். அது நவம்பர் 29ஆந் திகதியே அப்பெயரைப் பெற்றது. அதற்கு முந்திய நாட்களில், வெறும் தாழமுக்கமாக இருந்தபொழுதே, கிழக்கிலும் வடக்கிலும் நெல்வயல்கள் நீரில் மூழ்கின. பெயர் வரட்டும் எனக் காத்திருந்தவருக்கு வாய்க்காலை வெட்டிவிட நேரம் கிடைத்திராது.

எனவே கமக்காரர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

1. வளிமண்டலவியல் திணைக்களம் "தாழமுக்கம்" என அறிவித்தவுடனேயே ஆயத்தஞ் செய்க. பெயருக்காகக் காத்திருத்தல் வேண்டாம்.

2. வடிகால் வாய்க்கால்களிலுள்ள புல்லையும் சேற்றையும் ஐப்பசி மாதத்திற்கு முன்னரே அகற்றுக. மழை தொடங்குமுன் வயலில் நிற்கும் மேலதிக நீரை வடித்துவிடுக.

3. பெருமழை எதிர்பார்க்கப்படும்பொழுது பசளை இடுதலையும் மருந்து தெளித்தலையும் ஒத்திவைக்குக. இட்டதெல்லாம் நீரோடு போய்விடும்.

4. முற்றிய மரக்கறிகளை முன்னதாகவே பறித்துக்கொள்ளுக. பந்தற் கால்களை உறுதிப்படுத்துக. மரக்கறிப் பாத்திகளுக்கிடையே நீர் தேங்கவிடாதிருக்க.

5. விதைநெல்லை நிலத்திலிருந்து உயர்த்தி, நனையாத இடத்தில் வைக்குக.

6. குளக்கட்டிற் கசிவோ வெடிப்போ காணின், கமக்காரர் அமைப்புக்கும் உரிய உத்தியோகத்தருக்கும் தாமதமின்றி அறிவிக்குக.

7. ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, சூறாவளியின் பெயர், திகதி, வயலில் நீர் நின்ற நாட்கள், நீரின் உயரம், பயிரின் வயது, ஏற்பட்ட நட்டம் என்பவற்றை எழுதுக. பெயரில்லாத தாழமுக்கமாயின் திகதியை மட்டும் குறித்தாற் போதும்.

இறுதியிற் கூறிய குறிப்பு மிக்க பயனுடையது. எமது கடலிற் பெயர் இருமுறை வராமையால், "பெங்கல்" என்று எழுதிய பக்கம் என்றும் அந்த ஒரு வெள்ளத்தையே குறிக்கும். நட்டஈடு கோரும்பொழுது அது உதவும். எந்த வரவை முதலில் மூழ்குகின்றது, எந்த நெல்லினம் நீரைத் தாங்கி நின்றது என்பவற்றைப் பிள்ளைகளும் அப்பக்கத்தைப் பார்த்து அறிந்துகொள்வர். பெயர் ஒரு முறையே வரும். வெள்ளமோ மறுபடியும் அதே பள்ளக் காணிக்கு வரும். அது வரும்பொழுது சென்ற முறை கண்டது எழுத்தில் இருத்தல் வேண்டும்.