ஒரு மில்லிமீட்டர் பிசகினால்

சென்னை ராயபுரத்துச் சந்து ஒன்றில், ஒரு சின்ன மன்றத்தில் மாலை முழுக்க நின்று கேரம் பார்த்தேன். தாழத் தொங்கும் பல்பு, அதன் கீழே போர்டு, சுற்றிலும் எட்டுப் பத்துத் தலைகள். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், பாக்கெட்டின் வாயில் நின்ற வெள்ளைக் காயினை நேராக அடித்தான். காயின் விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுந்தது. “நேரா அடிக்காதடா, கட் பண்ணுன்னு எத்தினி வாட்டி சொல்றது!” என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன்.

அவர் சொன்னது சுத்தமான இயற்பியல்.

ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராம் வரை இருக்கலாம். காயினின் எடை 5 முதல் 5.5 கிராம். ஏறத்தாழ மூன்று மடங்கு. மோதலில் ஆற்றல் வீணாகாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நேருக்கு நேர் அடிபட்ட காயின், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். ஸ்ட்ரைக்கரும் நிற்காது, பாதி வேகத்தோடு அதே திசையில் பின்னாலேயே போகும். பாக்கெட்டில் விழுந்தால் போட்ட காயினைத் திரும்ப வைக்க வேண்டும், கூடவே அபராதமாக இன்னொரு காயின், அதாவது டியூ. காயினின் எந்த இடத்தில் பட்டாலும் ஸ்ட்ரைக்கர் தன் பாதையிலிருந்து 20 டிகிரி அளவுக்குத்தான் திரும்பும், அதற்கு மேல் திரும்பாது. காயினை ஒரு பக்கம், ஸ்ட்ரைக்கரை இன்னொரு பக்கம் அனுப்ப வேண்டுமென்றால் அடிக்கும் கோணத்தை முதலிலேயே மாற்றியாக வேண்டும். அதற்குத்தான் கட்.

கட் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்ட்ரைக்கரின் மையத்துக்கும் காயினின் மையத்துக்கும் இடையே, மோதும் கணத்தில், 36 மில்லிமீட்டர் தூரம். ஸ்ட்ரைக்கர் ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பட்டால் காயின் கிளம்பும் திசை ஒன்றரை டிகிரிக்கு மேல் மாறும். அரை மீட்டர் தள்ளி இருக்கும் பாக்கெட்டை அடைவதற்குள் அந்தப் பிசகு 14 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். பாக்கெட்டின் மையத்திலிருந்து விளிம்புக்கு 22 மில்லிமீட்டர்தான். ஆக, ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தப்பிக்கலாம். இரண்டு மில்லிமீட்டர் என்றால் காயின் கட்டையில் இடித்துத் திரும்பும். கண்ணால் அளக்கவே சிரமப்படுகிற தூரம் இது. அதை விரல் செய்துகாட்ட வேண்டும், அதுவும் ஒரே சுண்டலில்.

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா அதைச் செய்துகாட்டினார். அப்பா ஆட்டோ ஓட்டுநர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த 6-ஆவது கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு 17 வயது. செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் உணர முடிகிறது. கிரிக்கெட்டுக்கு 20 மீட்டர் பிட்ச் வேண்டும், அதைச் சுற்றி ஒரு மைதானமும் வேண்டும். கேரத்துக்கு 74 சென்டிமீட்டர் சதுரம் போதும். வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்கிற தெருவில் அந்தச் சதுரத்துக்கு எப்படியும் இடம் கிடைத்துவிடுகிறது.

அதே சதுரத்தில் திரும்பத் திரும்ப ஆடுவதால் உடம்புக்குள் என்ன நடக்கிறது? மூளையின் இயக்கப் பகுதியில், முதுகு முழுவதற்கும் ஒதுக்கியிருப்பதைவிடக் கைவிரல்களுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் மிகப் பெரியது. விரலுக்குப் போன கட்டளையையும் நடந்த பலனையும் சிறுமூளை ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த கட்டளையைத் திருத்துகிறது. தவறிய ஒவ்வொரு காயினும் அதற்கு ஒரு பாடம். அதனால் எத்தனை முறை தவறவிட வாய்ப்புக் கிடைக்கிறது என்பது முக்கியம். போர்டு வீட்டருகிலேயே இருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு ஏராளம்.

சென்னைக்கும் கேரத்துக்கும் பழைய உறவு. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் உருவானது இங்கேதான். சென்னைக்காரரான மரிய இருதயம் உலக சாம்பியனாகி, 1996-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். கிரிக்கெட்டே இந்தச் சுண்டலைக் கடன் வாங்கியிருக்கிறது. கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையே பந்தை இடுக்கிச் சுண்டும் பந்துவீச்சுக்குப் பெயரே கேரம் பால். 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில், அந்தப் பந்தை வீசும் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் இந்தியாவின் 6 விக்கெட்டை 13 ரன்னுக்குச் சாய்த்தார். நம் அஸ்வினுக்கும் அது கைவந்த ஆயுதம்.

பவுடரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போர்டில் தூவுவது போரிக் அமிலத் தூள். அதன் மூலக்கூறுகள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். ஒரு தாளுக்குள் பிடிப்பு வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் இடையே பலவீனமானது. அதனால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அவற்றின் மேல் காயினும் வழுக்கும். ஆனால் பலகை ஈரம் குடித்துவிட்டால் பவுடர் ஒட்டிக்கொள்ளும், போர்டு ஸ்லோ ஆகிவிடும். கடலை ஒட்டிய ராயபுரத்தில் காற்றிலேயே ஈரம். தாழத் தொங்கும் பல்பு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

அன்றைக்குத் தூறல். ஆட்டம் தொடங்கும் முன்பே பல்பைப் போட்டு, வெறும் போர்டைக் கால் மணி நேரம் அதன் கீழே விட்டிருந்தார்கள். அந்தப் பையன்தான் உள்ளங்கையால் மூலைக்கு மூலை தடவிப் பார்த்து, “காஞ்சுடுச்சுண்ணா” என்று சொல்லிக் காயின்களை அடுக்க ஆரம்பித்தான்.