பள்ளிகளில் தொலைபேசிவழி இணையமும் மின்னஞ்சலும்

தொலைபேசிவழி இணைய இணைப்பு அல்லது டயல்-அப் இணைப்பு என்பது, வழக்கமான தொலைபேசிக் கம்பியின் ஊடாக ஒரு கணினியை இணையச் சேவை வழங்குநரின் கணினியுடன் இணைக்கும் முறையாகும். 1980களின் இறுதியில் இருந்து 2000களின் நடுப்பகுதி வரை, பல நாடுகளில் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் மின்னஞ்சலையும் இணையத்தையும் முதன்முதலில் அறிந்துகொண்டது இம்முறையின் வழியாகவே ஆகும். இச்சேவை இயங்கிய விதம், இந்தியாவில் அது பரவிய வரலாறு, தமிழில் மடல் எழுதுவதில் இருந்த சிக்கல்கள், கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளை அது எட்டுவதில் இருந்த தடைகள் ஆகியன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இயங்கும் முறை

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலைக் கடத்துவதற்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 எர்ட்சு வரையிலான ஒலி அலைவெண்களே அதன் வழியே செல்லும். கணினியோ 0, 1 என்னும் இரும எண்களில் இயங்குவது. இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போல் நிற்கும் கருவியே மோடம் ஆகும். அனுப்பும் முனையில் அது இரும எண்களை ஒலிக் குறிப்புகளாகப் பண்பேற்றம் செய்கிறது. பெறும் முனையில் உள்ள மோடம் அவ்வொலியைப் பண்பிறக்கம் செய்து மீண்டும் எண்களாக மாற்றுகிறது. இணைப்பின் தொடக்கத்தில் கேட்கும் கீச்சொலியும் இரைச்சலும், இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் பேசுவது என்று உடன்பாடு செய்துகொள்ளும் ஓசையாகும்.

மோடங்களின் வேகம் படிப்படியாக உயர்ந்தது. 1991இல் வெளிவந்த வி.32பிசு தரம் நொடிக்கு 14.4 கிலோபிட்டும், 1994இல் வெளிவந்த வி.34 தரம் 28.8 கிலோபிட்டும், 1998இல் வெளிவந்த வி.90 தரம் தரவிறக்கத்தில் 56 கிலோபிட்டும் அளித்தன. இவை உச்ச அளவுகளே. கம்பியில் இரைச்சல் மிகுந்தால் மோடங்கள் தாமாகவே குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

பள்ளியில் மின்னஞ்சல் பயன்பாடு

தொலைபேசி வழியில் இணைந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவுக்குரியது. இணையச் சேவைக்கான மணிக்கணக்கு ஒருபுறமும் தொலைபேசி அழைப்புக் கட்டணம் மறுபுறமும் ஏறிக்கொண்டிருக்கும். அந்நேரம் முழுவதும் அக்கம்பியில் வேறு அழைப்பு எதுவும் வர இயலாது. பள்ளியில் ஒரே தொலைபேசி இருந்தால், மாணவர் இணையத்தில் இருக்கும்வரை தலைமை ஆசிரியரின் அறைக்கு அழைப்பு வராது.

ஆகவே சிக்கனமான நடைமுறை ஒன்று உருவானது. மாணவர்கள் தம் மடல்களை இணைப்பு இல்லாத நிலையிலேயே தட்டச்சு செய்து, மின்னஞ்சல் மென்பொருளின் அனுப்புப் பெட்டியில் சேர்த்து வைப்பர். பின்னர் ஆசிரியர் ஒருமுறை மட்டும் எண்ணைச் சுழற்றி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து இணைவார். சேர்த்து வைத்த மடல்கள் எல்லாம் வெளியே செல்லும். வந்த மடல்கள் கணினிக்கு இறங்கும். உடனே இணைப்புத் துண்டிக்கப்படும். வந்த மடல்களைப் பொறுமையாகப் படிப்பது அதன் பின்னரே.

இம்முறை எழுத்துகளுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. 2,000 எழுத்துருக்கள் கொண்ட ஓர் ஆங்கில மடல் 28.8 கிலோபிட் வேகத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சென்றுவிடும். 100 கிலோபைட் அளவுள்ள ஒரு நிழற்படத்துக்கு ஏறத்தாழ 28 நொடிகளும், 9.6 கிலோபிட் வேகத்தில் 83 நொடிகளும் தேவைப்படும். படங்கள் நிறைந்த வலைப்பக்கங்களைவிட மின்னஞ்சலே பள்ளிகளுக்கு முதலில் பயன்பட்டதற்கு இக்கணக்கே காரணம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1988இல் தொடங்கப்பட்ட பிக் ஸ்கை டெலிகிராஃப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மலைகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே சிதறிக் கிடந்த ஓரறைப் பள்ளிகளின் ஆசிரியர்கள், டில்லன் நகரில் இருந்த ஒரு கல்லூரியின் கணினியைத் தொலைபேசி வழியாக அழைத்து, பாடக்குறிப்புகளையும் மடல்களையும் பரிமாறிக்கொண்டனர். அருகில் சக ஆசிரியர் எவரும் இல்லாத ஒருவருக்கு மற்றொரு ஆசிரியரின் துணை கிடைத்ததே அச்சேவையின் முதன்மைப் பயனாகும்.

இந்தியாவில் வரலாறு

இந்தியாவில் கணினி வலையமைப்பு கல்விக்கழகங்களில் தொடங்கியது. 1986இல் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் இணைந்து எர்நெட் திட்டத்தைத் தொடங்கின. அதில் பங்கேற்ற நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. அதன் தொடக்ககால மின்னஞ்சல் பரிமாற்றமும் தொலைபேசி அழைப்பு வழியாகவே நிகழ்ந்தது.

பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. சென்னையும் தொடக்க நகரங்களுள் ஒன்றாகும். சென்னைப் பயனர்களின் மின்னஞ்சல் முகவரியில் மெட்ராஸ் என்பதைக் குறிக்கும் 'எம்டி' என்ற எழுத்துகள் இருந்தன. தொடக்கத்தில் இரு வகைக் கணக்குகள் வழங்கப்பட்டன. விலை மிகுந்த வகையில் படங்களுடன் கூடிய வலைப்பக்கங்களைக் காண முடிந்தது. விலை குறைந்த வகையில் கருந்திரையில் எழுத்துகள் மட்டுமே தெரியும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து மடல்களைப் படிக்க வேண்டும். மாணவர்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் வழங்கப்பட்டது இந்த எழுத்துவழிக் கணக்கே ஆகும்.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை வழங்க இசைவு அளிக்கப்பட்டது. 2000 அக்டோபர் 1 அன்று உருவான பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் சிறுநகரங்களுக்கும் இச்சேவையைக் கொண்டு சென்றது. இதற்கு முன்னர் இணைய முனையம் இல்லாத ஊரில் இருந்தவர் வெளியூர் அழைப்புக் கட்டணம் செலுத்தியே இணைய வேண்டியிருந்தது. 172 என்று தொடங்கும் எண்களை உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் அழைக்கலாம் என்ற ஏற்பாடே மாவட்டப் பள்ளிகளுக்கு இணையத்தை எட்டும் விலைக்குக் கொண்டு வந்தது.

தமிழில் மடல்

தொடக்ககால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. தமிழில் எழுத விரும்பியவர் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதினார். அல்லது தனி எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தினார். அதே எழுத்துரு பெறுபவரின் கணினியிலும் இல்லையெனில் மடல் பொருளற்ற குறியீடுகளாகவே தெரியும். இச்சிக்கலைத் தீர்க்கத் தகுதரம் போன்ற குறியீட்டு முறைகள் உருவாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாகத் தாம், தாப் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் அறிவிக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது.

குறைந்த வேக இணைப்பில் குறியீட்டு முறையும் செலவைப் பாதித்தது. 'அம்மா' என்ற சொல் தகுதரத்தில் 4 பைட்டுகளில் அடங்கும். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் அதே சொல்லுக்கு 15 பைட்டுகள் தேவை. அகலப்பட்டை இணைப்பில் இவ்வேறுபாடு உணரப்படுவதில்லை. இரைச்சல் மிகுந்த தொலைபேசிக் கம்பியில் அது பொருட்படுத்தத்தக்கதாக இருந்தது.

மலைப்பகுதிகளில் இருந்த தடைகள்

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்டது. அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மலையுச்சியை அடைய வேண்டும். மலையாளி பழங்குடி மக்களின் சிற்றூர்கள் பல நாடுகளாகப் பிரிந்து மலையெங்கும் பரவியுள்ளன. இத்தகைய நிலப்பரப்பில் தொலைபேசிவழி இணையத்துக்குப் பின்வரும் தடைகள் உண்டு:

* தொலைவு: செப்புக் கம்பி நீள நீளக் குறிப்பலை வலுவிழக்கிறது. தொலைபேசி நிலையத்தில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி உள்ள பள்ளியில் பேச்சுத் தெளிவாகக் கேட்டாலும் மோடம் குறைந்த வேகத்திலேயே இயங்கும்.
* வானொலித் தொடர்பு: 1990களில் இந்தியாவின் பல சிற்றூர்களுக்குத் தொலைபேசி, பல்லணுகு வானொலி அஞ்சல் முறையில் வழங்கப்பட்டது. குரலுக்காக அமைந்த அம்முறை தரவுப் பரிமாற்றத்துக்குப் பொருந்தவில்லை.
* மின்னலும் மின்தடையும்: மழைக்காலத்தில் கம்பி வழியே வரும் மின்னல் தாக்கம் மோடத்தைப் பழுதாக்கும். மின்சாரம் தடைப்பட்டால் தொலைபேசி இயங்கினாலும் கணினி இயங்காது.
* பழுதுநீக்கம்: சமவெளியில் ஒரு நாளில் முடியும் பழுதுநீக்கம், மலையில் ஆளும் உதிரிப் பாகமும் மேலேறி வரும்வரை காத்திருக்க வேண்டியதாகும்.

மாற்று வழிகள்

ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும் என்பதில்லை என்பதை, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் காட்டியது. வில்லியனூரில் இருந்த மையம் தொலைபேசி வழியாக இணையத்துடன் இணைந்தது. அங்குப் பெற்ற செய்திகள் தமிழில் ஆக்கப்பட்டு, சுற்றியுள்ள ஊர்களுக்கு வானொலிக் கருவிகள் மூலம் அனுப்பப்பட்டன. வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு, ஒலிபெருக்கி வழியாக மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. இதே நிறுவனம் கொல்லிமலையில் சாமை, தினை முதலிய சிறுதானியங்களின் பாதுகாப்புக்காகப் பணியாற்றியுள்ளது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா முறை மற்றொரு வழியாகும். இது குரலையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் கடத்த வல்லது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சிற்றூர் இணைய நிலையங்கள் இதனைக் கொண்டு நிறுவப்பட்டன.

பிற்காலம்

அகலப்பட்டையும் செல்லிடத் தொலைபேசியும் பரவியபின் தொலைபேசிவழி இணைப்பு வழக்கொழிந்தது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது. தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. எனினும் 2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையம் எட்டாத மாணவர்களுக்காகப் பாடங்கள் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் ஒளிபரப்பப்பட்டன. கருவி கைக்கு வருவதும் இணைப்பு வீட்டுக்கு வருவதும் வெவ்வேறு என்பது அப்போதும் தெளிவானது. இணைப்பின் நேரமும் தரமும் குறைவாக உள்ள இடத்தில், முன்கூட்டியே எழுதி வைத்து, ஒருமுறை இணைந்து, அனைத்தையும் பெற்றுக்கொள்ளும் பழைய நடைமுறை இன்றும் பயனுள்ளதே ஆகும்.