எழுதியவர் என்ன சொல்கிறார்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவப் படிப்பில் சேர எழுதும் எம்கேட் தேர்வில் நான்கு பிரிவுகள். அவற்றில் ‘கார்ஸ்’ என்ற வாசிப்புப் பிரிவுக்கு மருத்துவ அறிவே தேவையில்லை. தத்துவம், கலை, வரலாறு, பொருளியல் என்று ஒன்பது உரைப்பகுதிகள். ஒவ்வொன்றும் 500 முதல் 600 சொற்கள். 53 கேள்விகளுக்கு 90 நிமிடம். விடைக்கு வேண்டியதெல்லாம் உரைப்பகுதியிலேயே இருக்கிறது. இருந்தும், உயிர்வேதியியலைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். மனப்பாடம் கைகொடுக்காத இடம் இது. இன்னொருவரின் வாதத்தை அவர் சொன்னபடியே வாங்கிக்கொள்ளப் பழகுவதுதான் இதற்கான உண்மையான தயாரிப்பு.

ஓர் உதாரணம். பழைய ஓவியங்களைப் புதுப்பிப்பது அவற்றின் வயதை அழிக்கிறது என்று ஒருவர் வாதிடுகிறார். உதிரும் நிலையில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறார். அவருடைய நிலைப்பாடு என்ன என்பது கேள்வி. ‘புதுப்பிப்பது எப்போதும் தவறு’ என்ற விடை கண்ணை இழுக்கும்; ‘எப்போதும்’ என்ற ஒரு சொல் அதைக் கெடுத்துவிடுகிறது. ‘புதுப்பித்தால் பார்வையாளர் கூட்டம் பெருகும்’ என்பது வெளியுலகில் உண்மையாக இருக்கலாம். அவர் அதைச் சொல்லவே இல்லை. சொன்னதை மிகைப்படுத்துவது, சொல்லாததை நாமே நிரப்புவது என இரண்டு பிழைகள் இவை. ஆகவே மாதிரித் தேர்வுகளை எழுதிக் குவிப்பதைவிட, தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எந்தச் சொல் நம்மை ஏமாற்றியது, எந்த வரி அதை மறுக்கிறது என்று நோட்டில் குறித்து வைப்பது கூடுதல் பலன் தரும்.

ஓர் உரைப்பகுதிக்குப் பத்து நிமிடம்தான், நிதானமாகப் படிக்க நேரமேது என்று கேட்கலாம். இரண்டு விடைகளுக்கு நடுவே சிக்கி, மறுபடி மறுபடி உரைப்பகுதியைப் புரட்டுவதில்தான் நேரம் கரைகிறது. முதல் வாசிப்பிலேயே வாதத்தைப் பிடித்தவருக்கு அந்த அலைச்சல் குறைவு. முதலில் கடிகாரம் பார்க்காமல் பழகி, பிறகு நேரத்தைப் படிப்படியாகச் சுருக்கலாம். மருத்துவருக்கு ஓவியமும் தத்துவமும் எதற்கு என்பது அடுத்த கேள்வி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, எம்கேட் மதிப்பெண்களில் கார்ஸை மட்டுமே கணக்கில் எடுத்துவந்திருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ‘எப்போதாவது வலிக்குது’ என்று நோயாளி சொல்வதை ‘எப்போதும் வலிக்குது’ என்று காதில் வாங்கும் மருத்துவரின் சிகிச்சை, தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, தினமும் ஒரு கட்டுரை படியுங்கள். எழுதியவர் சொன்னதை உங்கள் கருத்து கலக்காமல் இரண்டே வரியில் எழுதிப் பாருங்கள். நாளை நோயாளி பேசும்போதும் இந்தப் பழக்கம் உங்களோடு இருக்கும்.