நோயாளி நாடுவது என்ன?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை நிறுத்தி, "உள்ளே எப்படிக் கவனித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர், "குறையொன்றும் இல்லை" என்பார்கள். இவ்விடை மனநிறைவைக் காட்டுகிறதா? அன்றி, அவருடைய எதிர்பார்ப்பே சிறிது என்பதைக் காட்டுகிறதா?

இவ்வினாவுக்கு விடைகாண, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற பரசுராமன் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர் இருவரும் 1988-இல் ஓர் அளவுகோலை வகுத்தனர். கண்ணுக்குப் புலனாகும் வசதி, சொன்ன சொல் தவறாமை, அழைத்தவுடன் வரும் விரைவு, நம்பிக்கையூட்டல், பரிவு என்பன அதன் ஐந்து கூறுகள். ஒவ்வொன்றிலும் எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு, இடைவெளியைக் கணக்கிடுவர். எல்லாத் தொழிலுக்கும் உரிய இம்முறையை மருத்துவமனைகளும் மேற்கொண்டன.

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. எதையும் எதிர்பாராதவனுக்கு இடைவெளி ஏது? தரையில் பாய் விரித்துப் படுத்தவனும் "திருப்தி" என்றே சொல்லிவிடக்கூடும். ஆகவேதான் 2006-இல் அமெரிக்காவில் நாடளாவத் தொடங்கிய ஆய்வில் நடந்ததையே கேட்டார்கள். செவிலியர் உங்களுக்குப் புரியும்படி எத்தனை முறை விளக்கினார்? ஒருபோதும் இல்லையா, சிலவேளையா, பெரும்பாலுமா, எப்போதுமா? இப்படிக் கேட்டால் பணிவு உண்மையை மறைக்க இடமில்லை.

"புரியும்படி" என்னும் அச்சொல்லை நம் எல்லையோர ஊர்களில் வைத்துப் பார்ப்போம். 1956 நவம்பர் 1-இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை. கோடு நிலப்படத்தில் விழுந்தது. வீட்டுப் பேச்சில் விழவில்லை. இவ்வூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நோயுற்றால் பாறசாலை, நெய்யாற்றங்கரை அரசு மருத்துவமனைகளுக்கும், நோய் முற்றினால் 1951-இல் தோன்றிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் செல்கின்றனர்.

கடைவீதியில் மலையாளம் பேசுவதில் இவர்களுக்குத் தடையில்லை. ஆனால் உடல் துடிக்கும்போது வாயில் வருவது தாய்மொழியே. இரு மொழிகளும் உடன்பிறப்புகள் என்பதே இங்கு இடையூறாகிறது. தமிழனுக்குப் பனி மார்கழியில் பெய்வது. மலையாளத்தில் பனி என்பது காய்ச்சல். "வலி" என்றால் நமக்கு நோவு, அங்கு இழுத்தல். "நீர்" என்று நாம் சிறுநீரைக் குறித்தால், அங்கு வீக்கத்தைக் குறித்ததாகவும் கொள்ளலாம். முற்றும் தெரியாத மொழியானால் மறுபடி கேட்போம். தெரிந்த சொல்போல் ஒலிப்பதால் கேட்காமலே தலையசைத்துவிடுகிறோம். அங்கேதான் பிழை நுழைகிறது.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையோர் அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே விடை பெறவும் வழி செய்கிறது. நல்ல சட்டம்தான். எனினும், அது கடிதத்தைப் பற்றியது. கட்டிலருகே நிகழும் பேச்சுக்கு மனிதர்தாம் வேண்டும்.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். அந்த நான்காமவரை மலையாளத்தார் "கூட்டிருப்புக்காரர்" என்று அழகாக அழைக்கின்றனர். எல்லை ஊரில் அவருக்குக் கஞ்சி வாங்கிவரும் வேலை மட்டுமன்று; நோயாளியின் நாவாகவும் செவியாகவும் இருக்கும் வேலையும் உண்டு. துணையற்ற முதியவருக்கு அவ்வேலையைச் செய்வார் யார்?

நண்பர்களே, நம்மில் பலர் இருமொழியும் அறிந்தவர்கள். உறுப்புகள், நோவின் தன்மை, மருந்துண்ணும் வேளை ஆகியவற்றை இருமொழியிலும் எழுதிய ஓர் அட்டையை விடுமுறையில் நாம் ஆக்கலாம். மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்து, வார்டுகளில் வைக்க இசைவு கேட்கலாம். வாரம் ஒருநாள் துணையற்றவரின் கட்டிலருகே அமரலாம். வீடு திரும்பும் மூதாட்டியிடம் "திருப்தியா, பாட்டி?" என்று கேட்க வேண்டா. "மாத்திரையை எப்போது உண்ணச் சொன்னார்கள்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறாமல் சொன்னால், அதுவே நற்கவனிப்பின் சான்று.