மேவார் ஏரிக்கரைகளில் மூன்று நாள்கள்

விடுமுறைப் பயணம் என்றவுடன் மலை வாழிடங்களும் கடற்கரைகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. மனிதர் கையால் அமைத்த ஏரிகளையும் அவற்றின் கரைகளில் வளர்ந்த ஊர்களையும் காண்பதற்கென்றே செல்வோர் குறைவு. தென் ராஜஸ்தானத்தின் மேவார்ப் பகுதி இத்தகைய பயணத்திற்கு மிகவும் ஏற்றது. உதயபூரைத் தங்குமிடமாகக் கொண்டால் நான்கு நூற்றாண்டு நீர்மேலாண்மை வரலாற்றை மூன்றே நாள்களில் நேரில் காணலாம். அவ்வரலாறு இன்று எந்த நெருக்கடியில் நிற்கிறது என்பதையும் கண்டு திரும்பலாம்.

உதயபூருக்கு விமானமும் ரயிலும் உண்டு. அகமதாபாதிலிருந்து வரும் பழைய மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2022 அக்டோபரில் திறக்கப்பட்டதால் தெற்கிலிருந்து வருவோருக்குப் பயணம் எளிதாகியுள்ளது. மழை ஓய்ந்த அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள காலமே சிறந்தது. அப்போது ஏரிகளில் நீர் இருக்கும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும்.

இரு கடல்களுக்கு இடையே ஒரு நிலம்

இப்பகுதியின் ஆண்டு மழையளவு சராசரியாக 600 மில்லிமீட்டரை ஒட்டியதே. அதுவும் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிகிறது. ஆரவல்லிக் குன்றுகளின் பாறைச் சரிவுகளில் விழும் மழைநீர் சில மணி நேரத்தில் ஓடி மறைந்துவிடும். எனவே குன்றுகளுக்கு இடையிலுள்ள குறுகிய கணவாய்களில் கரை எழுப்பி நீரைத் தேக்குவதே இங்கு குடியேறியோர் கண்ட வழியாகும்.

மற்றொரு சிறப்பும் உண்டு. மேவார், நாட்டின் பெரும் நீர்ப்பிரிமேட்டின்மீது அமைந்துள்ளது. உதயபூர் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் ஆயட் ஆற்றின் வழியே உதயசாகர் ஏரியை அடைந்து, பேராச், பனாஸ், சம்பல், யமுனை எனச் சென்று இறுதியில் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜெயசமந்து ஏரியின் நீரோ சோம், மாகி ஆறுகளின் வழியே அரபிக்கடலைச் சேர்கிறது. ஆற்றின் தலைப்பகுதியில் நீர்வரத்து எப்போதும் சிறியதே. அதனால்தான் ஒவ்வொரு ஓடையும் இங்கு மதிப்புடையதாகிறது.

முதல் நாள்: உதயபூர்

உதயபூரின் புகழ்பெற்ற பிச்சோலா ஏரி நகரத்தைவிட மூத்தது. 14ஆம் நூற்றாண்டில் தானியப் பொதி ஏற்றிச் செல்லும் பஞ்சாரா வணிகர் ஒருவர் முதற்கரையை அமைத்தார் என்பது மரபு. 1559இல் இரண்டாம் உதயசிங் இங்கு தலைநகரை நிறுவியபோது அக்கரையைப் பெருக்கிக் கட்டினார். அரண்மனை, படித்துறைகள், கோயில்கள், பின்னர் வந்த தீவு மாளிகைகள் ஆகிய அனைத்தும் அக்கரையைச் சார்ந்தே எழுந்தன. தீவு மாளிகைகளுள் ஒன்றான ஜக் மந்திரில்தான், தந்தை ஜகாங்கீருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இளவரசர் குர்ரம், பிற்காலத்து ஷாஜகான், அடைக்கலம் பெற்றிருந்தார். 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஜக் நிவாஸ் இன்று உலகறிந்த தங்கும் விடுதியாக விளங்குகிறது.

ஆனால் பயணி காணத்தக்கது பிச்சோலா மட்டுமன்று. இந்நகரின் ஏரிகள் ஒரு சங்கிலித் தொடராகும். மேற்கிலிருந்து வரும் சீசாரமா ஆறு பிச்சோலாவை நிரப்புகிறது. பிச்சோலா, சுவரூப்சாகர் வழியாக, ஃபதேசாகருடன் கால்வாயால் இணைக்கப்பட்டுள்ளது. ஃபதேசாகருக்கு மதார் ஏரிகளிலிருந்து தனியே ஒரு வரத்துக்கால்வாயும் உண்டு. ஒன்று நிரம்பினால் மற்றொன்றிற்கு நீர் செல்லும். மிகுந்தது ஆயட் ஆற்றில் விழும். தமிழகத்து ஏரித்தொடர்களைக் கண்டு பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதுமையாகத் தோன்றாது.

ஃபதேசாகரின் முதற்கரை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், மகாராணா ஜெயசிங் காலத்தது. அது வெள்ளத்தில் அழிந்தபின் மகாராணா ஃபதேசிங் 1889இல் மீண்டும் கட்டினார். இவ்வேரியின் தீவொன்றில் 1975இல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம் இன்றும் செயல்பட்டு வருகிறது. நிலம் வெப்பமடையும் அளவிற்கு நீர்ப்பரப்பு விரைவில் வெப்பமடைவதில்லை. ஆகவே சுற்றிலும் நீர் உள்ள இடத்தில் காற்றின் கலக்கம் குறைந்து சூரியனின் உருவம் தெளிவாகத் தெரிகிறது. பாசனத்திற்கும் குடிநீருக்கும் கட்டிய ஏரி அறிவியலுக்கும் பயன்படுவதற்கு இது நல்ல சான்று.

இரண்டாம் நாள்: ராஜசமந்தும் அதன் ஊர்களும்

உதயபூருக்கு வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் ராஜசமந்து ஏரி உள்ளது. வழியில் பனாஸ் ஆற்றையொட்டி நாத்துவாரா அமைந்துள்ளது. 1672இல் ஸ்ரீநாத்ஜி திருவுருவம் இங்கு நிலைபெற்றது. கோயிலைச் சார்ந்தே பிச்வாய் எனப்படும் துணி ஓவியக் கலை தழைத்தது. அருகிலுள்ள மொலேலா கிராமத்துக் குயவர்கள் களிமண்ணால் தெய்வ உருவப் பலகைகள் செய்கின்றனர். ஆண்டுதோறும் பழங்குடி மக்கள் தொலைவிலிருந்து வந்து அவற்றை வாங்கிச் செல்வது மரபு.

ராஜசமந்து ஏரி ஒரு பஞ்சத்தின் பிள்ளை எனலாம். 1661-62ஆம் ஆண்டுகளில் மேவாரைக் கடும் வறட்சி வாட்டியது. மகாராணா ராஜசிங், கோமதி ஆற்றின் குறுக்கே கரை எழுப்பும் பணியை 1662இல் தொடங்கி மக்களுக்கு வேலை அளித்தார். 1676இல் ஏரி முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. கரையின் ஒரு பகுதியான நௌசௌக்கியில் உள்ளூர் வெண்பளிங்கால் ஆன படிகளும் மண்டபங்களும் துலாதானத் தோரணங்களும் காண்போரை வியக்க வைக்கும். மாடங்களில் பதிக்கப்பட்ட 25 கற்பலகைகளில் ‘ராஜப்பிரசஸ்தி’ என்னும் வடமொழிக் காவியம் பொறிக்கப்பட்டுள்ளது. ரணசோட பட்டர் இயற்றிய இது நாட்டின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்று. மேவார் அரசரின் வரலாற்றோடு ஏரி கட்டப்பட்ட செய்தியும் இதில் இடம்பெறுகிறது. ஒரு பொதுப்பணியைப் பற்றிய குறிப்பு அப்பணியின் கரையிலேயே கல்லில் நிற்பது அரிது.

பொருளியல் நோக்கில் இதன் பொருள் ஆழமானது. பஞ்ச காலத்தில் தானியத்தை இலவசமாக வழங்கினால் அது அப்பருவத்தோடு தீர்ந்துவிடும். அதே செலவில் கூலி கொடுத்து ஏரி வெட்டினால் வயிறும் நிரம்பும், அடுத்த வறட்சியைத் தாங்கும் மூலதனமும் உருவாகும். 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நடந்த பணிகளில் நீர்ச் சேமிப்பிற்கு முதலிடம் தரப்பட்டதும் இக்கருத்தின் தொடர்ச்சியே.

ஏரியின் கரையிலேயே காங்குரோலி துவாரகாதீசர் கோயில் உள்ளது. படித்துறையில் நின்றால் கரையின் நீளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எனினும் இவ்வேரி 2000ஆம் ஆண்டில் முற்றிலும் வறண்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வறட்சி ஒரு காரணம். அது மட்டுமே காரணமன்று. இம்மாவட்டம் நாட்டின் முதன்மையான பளிங்குச் சுரங்கப் பகுதிகளுள் ஒன்று. சுரங்கக் கழிவுக் குவியல்களும் பளிங்குச் சேறும் கோமதியின் வரத்துப்பாதையை அடைத்தன. எந்தக் கல் ஏரியின் கரையை அழகுபடுத்தியதோ, அந்தக் கல்லின் கழிவே ஏரிக்கு வரும் நீரையும் தடுத்தது.

மூன்றாம் நாள்: ஜெயசமந்தும் மேனாரும்

தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள ஜெயசமந்து, மகாராணா ஜெயசிங் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. கரையின் நீளம் 366 மீட்டர்தான்; உயரமோ ஏறத்தாழ 35 மீட்டர். இரு குன்றுகளுக்கு இடையிலுள்ள சிறு வாயிலை அடைத்தே, நிரம்பும்போது 80 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பை உருவாக்கியுள்ளனர். இடத்தேர்வின் நுட்பம் இதில் விளங்கும். கரைமீது சிவன் கோயிலும் பளிங்கு யானைகளும் சத்திரி மண்டபங்களும் உள்ளன. ஏரியின் தீவுகளில் பழங்குடிக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்குப் படகே சாலை. பாசனம், மீன்பிடிப்பு, உதயபூருக்கான குடிநீர் ஆகிய மூன்றிற்கும் இவ்வேரி துணைநிற்கிறது. கோடையில் இம்மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடுவது இயல்பே.

மாலையில் சித்தோர்கட் நெடுஞ்சாலையில் உள்ள மேனார் கிராமத்திற்குச் செல்லலாம். பிரம்ம தலாவ், டண்ட் தலாவ் என்னும் இரு ஏரிகளின் நடுவே அமைந்த ஊர் இது. இங்கு வேட்டையும் மீன்பிடிப்பும் ஊர்க் கட்டுப்பாட்டால் விலக்கப்பட்டுள்ளன. அதன் பயனாகக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகளும் பூநாரைகளும் அச்சமின்றித் தங்குகின்றன. 2025 ஜூன் மாதம் இவ்வூர் நீர்நிலைகள் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு ஜனவரியில் உதயபூரும் இந்தோரும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ‘ஈரநில நகரம்’ என்ற தகுதியைப் பெற்றிருந்தன. இந்தியாவில் இத்தகுதியை முதலில் பெற்ற நகரங்கள் இவையே.

ஜெயசமந்தில் மீன்பிடிப்பது வாழ்வாதாரம்; மேனாரில் மீன் பிடிக்காமலிருப்பதே ஊர் அறம். இரண்டும் தத்தம் இடத்தில் பொருந்துகின்றன. எல்லா ஏரிக்கும் ஒரே விதி என்னும் அணுகுமுறை பயன் தராது என்பதற்கு இவ்விரு ஊர்களும் எடுத்துக்காட்டு.

வருவாய் ஒருபுறம், பொறுப்பு எப்புறம்?

மேவாரின் சுற்றுலாப் பொருளாதாரம் ஏரிகளில் நீர் இருப்பதையே நம்பியுள்ளது. இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் வறட்சியால் பிச்சோலா வறண்டபோது, படகில் செல்ல வேண்டிய தீவு மாளிகையை மக்கள் நடந்தே அடைந்தனர். விடுதிகள், படகோட்டிகள், கைவினைஞர்கள், சிறு கடைக்காரர்கள் அனைவரும் அதன் விளைவைச் சந்தித்தனர். பின்னர் சபர்மதிப் படுகையைச் சேர்ந்த வாகல் ஆற்றுப் பகுதியிலிருந்து சுரங்கக் கால்வாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. இது தேவையான உதவியே. ஆயினும் அண்டைப் படுகையிலிருந்து நீர் பெறுவது சொந்த வரத்துக்கால்வாயைப் பேணுவதற்கு மாற்றாகாது.

இங்குள்ள அடிப்படைச் சிக்கல் எளிமையானது. ஏரியால் வரும் வருவாய் கரையோர விடுதிக்குக் கிடைக்கிறது. ஏரியைக் காக்கும் செயலோ பல கிலோமீட்டர் மேலே, சீசாரமாவின் சரிவிலும் கோமதியின் ஓடையிலும் நடைபெற வேண்டியுள்ளது. அங்குள்ள உழவருக்கோ வீட்டுமனை விற்பவருக்கோ ஓடையைக் காப்பதால் நேரடி ஆதாயம் இல்லை. ஆதாயமும் செலவும் வெவ்வேறு கைகளில் இருக்கும்போது பொதுச்சொத்து தேய்வது பொருளியலில் அறியப்பட்ட உண்மை.

அரசு இதனை உணராமலில்லை. 2001இல் தொடங்கிய தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டம், ராஜஸ்தான் ஏரிகளுக்கென 2015இல் இயற்றிய சட்டம், 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஆகியவை முறையான அடித்தளத்தை அமைத்துள்ளன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் கரையை அழகுபடுத்துவதற்குக் கிடைக்கும் ஆதரவு கண்ணுக்குத் தெரியாத வரத்துப்பாதைக்குக் கிடைப்பதில்லை. மூன்று செயல்களுக்கு முன்னுரிமை தரலாம்: வரத்துக்கால்வாய்களின் எல்லையை அளந்து ஊராட்சி ஆவணங்களில் பதிதல், ஆயட் ஆற்றில் விழும் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்த பின்னரே உதயசாகருக்கு விடுதல், சுற்றுலா வருவாயில் ஒரு பங்கை நீர்ப்பிடிப்பு ஊர்களின் மண், மரப் பாதுகாப்புப் பணிகளுக்கு ஒதுக்குதல்.

பயணிக்கும் கடமை உண்டு. அரண்மனையைக் காணும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் கலிங்கையும் மதகையும் வரத்துக்கால்வாயையும் காண்பதற்குச் செலவிடலாம். உள்ளூர் வழிகாட்டிகள் பயணி கேட்பதையே காட்டுவர். நீர் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கத் தொடங்கினால், அந்த வழியைக் காப்பதில் ஊராருக்கும் ஆர்வம் பிறக்கும். பஞ்ச காலத்து உழைப்பாளர்கள் கூடையில் மண் சுமந்து எழுப்பிய கரைகள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. அவற்றின் பின்னே நீரும் நிற்க வேண்டுமானால் நாம் பேண வேண்டியது சிற்றோடைகளையே.